உச்சி வெயிலில் இரண்டு பர்லாங்கு

என் அண்ணனும் சவுரியப்பனும் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டதெல்லாம் உச்சி வெயிலில்தான். ஆசைப்பட்டு அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் கடத்தூருக்குத் தெற்கே நாலு மைல். ஊருக்குக் கிழக்கே ஏரி. அது நிறைந்து நான் பார்த்தது இரண்டே முறை. மற்றக் காலத்தில் ஏரி வயிற்றில் வெள்ளரியும் கொள்ளும் போடுவார்கள். ஆனால் வடக்கே இருக்கும் முனியப்பன் கல்லிலிருந்து தெற்கே இருக்கும் முனியப்பன் கல் வரைக்கும் ஒரு பட்டை நிலத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது முனி ஓட்டம். உச்சிப்பொழுதில் முனி அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்லுக்குக் குதிரையில் போகிறார், குறுக்கே ஒரு செடி வைத்தாலும் வைத்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். அதனால் அங்கே முள்கூட முளைத்து நான் பார்த்ததில்லை. இரண்டு வண்டிப்பாதை அகலம், நூல் பிடித்தாற்போல நேர், தரை சுட்ட ஓடு மாதிரி கெட்டி. காலையிலும் சாயங்காலமும் மாடுகள் அதைக் கடந்து மேயப் போகும், திரும்பி வரும். உச்சியில் மட்டும் முனிக்குப் பயந்து ஒரு ஆள் இருக்காது.

அண்ணன் குப்புராஜ் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவராக இருந்தார். உலக யுத்தம் முடிந்து அஸ்ஸாம் பக்கத்திலிருந்து திரும்பியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. வந்த நாளிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கப் போனால் பத்துச் சால் தண்ணீர் இறைப்பதற்குள் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வரப்பின்மேல் நடக்கத் தொடங்கிவிடுவார். மாசி மாதம் பெங்களூரில் பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். அங்கே போய் மணல் நிறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தார். அவரோடு ஒரே பிரிவில் இருந்த சவுரியப்பன் பச்சை நிறத்தில் ஒன்று வாங்கினார். சவுரியப்பனுக்கு எட்டு மைல் தள்ளி, வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே எங்கள் ஏரிக்கு வந்துவிடுவார்.

ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் கொஞ்சம். வாரம் முழுக்க வண்டியை எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைப்பார்கள். பந்தயம் முனி ஓட்டத்தில் இரண்டு பர்லாங்கு. வடக்கே நின்ற இடத்திலிருந்து கிளம்பி, தெற்கே போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினால் தீர்ந்தது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், இருபதுக்குமேல் போனதில்லை. அந்த இருபது எண்ணிக்கைக்காக இரண்டு பேரும் ஆறு நாள் காத்திருப்பார்கள்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. முனி ஓட்டத்தில் உச்சி வேளையில் வண்டி விடுகிறான் என்று ஊரில் நாலு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். முனியும் குதிரை ஓட்டுகிறவர்தானே, கோபித்துக்கொள்ளமாட்டார் என்று அண்ணன் சிரித்தார். வண்டியை விற்றுவிடச் சொன்னார் அம்மா. அண்ணன் மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மா ஜானகியம்மாள், அப்பா இறந்தபிறகு பதினோரு ஏக்கரைத் தனியாக நின்று பயிர் வைத்தவர். எங்கே இழுக்கவேண்டும் எங்கே விடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாலாம் நாள் ஒரு வழி சொன்னார். தோற்கிற வரைக்கும் ஓட்டிக்கொள்ளலாம். தோற்ற அன்றைக்கு வண்டியை விற்றுவிட வேண்டும். அண்ணன் முனியப்பன் கல்லின் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். பந்தயம் ஓடுகிறவன் என்றைக்காவது தோற்பான், ஒரு மாதம் தாங்காது என்று அம்மா நினைத்திருப்பார். ஐந்து ஞாயிறு போயிற்று. அண்ணன் தோற்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் திரும்பி வரும்போது அம்மா வாசலில் ஏதாவது வேலையாக இருப்பார். யார் வென்றதென்று கேட்கமாட்டார். அண்ணன் வண்டியைச் சாய்த்து நிறுத்துகிற விதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று சொல்லவேண்டும். உச்சியில் ஏரிக்கு வர ஊரில் வேறு ஆள் இல்லை. நான் வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பாதியில் நின்றுவிட்டேன். முதல் ஞாயிறு அண்ணன் என்னைச் சவுரியப்பனிடம் காட்டி, என் தங்கை தீத்தா, இவள் பேசமாட்டாள், அதனால் பொய்யும் சொல்லமாட்டாள் என்றார். சவுரியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பங்குச் சாமியாருக்கு இந்தக் குணம் இருந்தால் பூசை சீக்கிரம் முடியும் என்றார். அன்றிலிருந்து கோட்டில் நிற்கிற வேலை எனக்கு.

கோடு என்றால் சுண்ணாம்பால் போட்ட கோடு. அதன் ஓரத்தில் நான் நிற்பேன். என் காலுக்கடியில் ஒரு நனைந்த சாக்கு. தாவணி முக்காட்டுக்குள் தலையில் வேப்பிலைக் கொத்து. கையில் பித்தளைத் தாம்பாளம். அதைத் துணிக்குள்ளிருந்து எடுத்து வெயிலில் ஒரு திருப்புத் திருப்பினால் இரண்டு பர்லாங்கு தள்ளி நிற்கிறவர்கள் கண்ணில் பளிச்சென்று அடிக்கும். உடனே கிளம்பிவிடுவார்கள். யார் முன்னால் தாண்டினார் என்பதற்கும் நான் வாய் திறக்கவேண்டியதில்லை. அண்ணன் என்றால் வலது கை. சவுரியப்பன் என்றால் இடது கை. அப்படி ஏற்பாடு செய்தது அண்ணன்தான், எனக்காக.

அங்கே நின்று பார்த்தால் முதலில் வண்டி என்று எதுவும் தெரியாது. கானல் மட்டும் தெரியும். தூரத்தில் இரண்டு கறுப்பு உருவங்கள் தண்ணீரில் நிற்கிற மாதிரி இருக்கும், சக்கரம் இருக்காது. தாம்பாளத்தைத் திருப்பியதும் அவை அசையும். சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். பாதி தூரம் வரை இரண்டும் ஒன்றாகும், பிரியும், தரையை விட்டு எழும்பி வரும். கடைசி ஐம்பது கஜத்தில்தான் அண்ணன் அண்ணனாகவும் சவுரியப்பன் சவுரியப்பனாகவும் ஆவார்கள். அதற்குப் பிறகு கண் சிமிட்டக்கூடாது.

வெயிலுக்கு அவர்கள் செய்த ஏற்பாடுகள் பல. கிளம்பும் நிமிஷம் வரைக்கும் டயர்களின்மேல் ஈரச் சாக்கு கிடக்கும். காற்றைக் காலையிலேயே கொஞ்சம் குறைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உச்சியில் வெடித்துவிடும். பெட்ரோல் வருகிற குழாயைச் சுற்றி நனைத்த துணி, ஏனென்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப்போய் என்ஜின் இருமும். பெட்ரோல் தொட்டியின் இரும்பு தொடையைச் சுடாமல் இருக்க வாழைப்பட்டை. தலைப்பாகைக்குள் சின்ன வெங்காயம் முடிந்துகொள்வார்கள். சவுரியப்பன் இதோடு மூன்று சொம்பு மோர் குடிப்பார். அண்ணன் குடிக்கமாட்டார்.

எங்கள் அப்பா சவாரி மாடு வைத்திருந்தவர். ஓடப்போகிற மாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவார். வயிற்றில் தண்ணீர் இருந்தால் மாடு கனக்கும், ஓடாது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அண்ணன் அதைத் தனக்கு வைத்துக்கொண்டார். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் பந்தயம் முடிகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. பங்குனியில் அது தாங்கியது. சித்திரை பிறந்தபிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் உதடு வெடிக்கத் தொடங்கியது.

ஆறாவது ஞாயிறு அவர் ஒரு வண்டி நீளத்துக்கு முன்னால் வந்தார். நான் வலது கையைத் தூக்கினேன். ஆனால் அவர் நிற்கவில்லை. என்னைத் தாண்டி, தென்கல்லைத் தாண்டி, கரைச் சரிவில் ஏறி, வண்டியோடு சாய்ந்தார். நானும் சவுரியப்பனும் ஓடினோம். மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. உடம்பில் வேர்வை என்பதே இல்லை. தொட்டால் அடுப்புக்கல் மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“யாரு வூட்டுப் புள்ளெ நீ?” என்று கேட்டார்.

மரியாதையாகத்தான் கேட்டார், வழியில் பார்த்த ஒரு பெண்ணைக் கேட்பதுபோல. சவுரியப்பன் சாக்குகளை எடுத்துவந்து அவர்மேல் பிழிந்தார். மோரை வாயில் ஊற்றினார். நான் தாம்பாளத்தால் விசிறினேன். அரை மணி நேரம் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்து, யார் வென்றது என்று கேட்டார். சவுரியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீ மாடாடா? ஒரு வாய் தண்ணி குடிச்சா என்னாடா உனுக்கு?”

“செயிச்சனா இல்லியா, அதெச் சொல்லு.”

“செயிச்ச. அடுத்த வாரம் பொணமா செயிப்ப.”

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் நின்று, இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் அது சரி என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம்.

அந்த வாரம் கத்திரி தொடங்கியது. கிணற்றில் மண் தெரிந்தது. கவலை நின்றுவிட்டதால் மாடுகள் நாள் முழுக்கக் கொட்டிலில் வாலை அடித்துக்கொண்டு நின்றன. களத்துப் புளியமரத்தில் தொங்கிய வௌவால்களில் இரண்டு செத்து விழுந்தன. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. அண்ணன் என்ஜினைக் கழற்றுவார், பூட்டுவார், திரும்பக் கழற்றுவார். சாக்கின்மேல் திருகாணிகளை வரிசையாக வைப்பார், பிறகு எழுந்து கிணறு வரைக்கும் நடந்துவிட்டு வருவார்.

நான் மூன்று முறை சொல்லப் பார்த்தேன். புதன்கிழமை மோர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், இல்லை தண்ணீர் குடித்துவிட்டாவது போங்கள் என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்து என்ன என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். வியாழக்கிழமையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன். காற்றை மறைத்துக்கொண்டு நிற்காதே, தள்ளி நில் என்றார். தள்ளி நின்றேன். தள்ளி நின்றபிறகு சொல்ல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அண்ணன் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். எழுந்தவர் அதைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய் டயர்ச் சாக்கின்மேல் ஊற்றினார்.

அன்றைக்கு ஏரியில் மண் பிளவுகளுக்குள்ளிருந்து சூடு மேலே அடித்தது. நான் நின்ற சாக்கு கால் மணியில் காய்ந்துவிட்டது. தூரத்தில் அவர்கள் தயாராகிறார்கள் என்று கை அசைவில்தான் தெரிந்தது. எந்த உருவம் அண்ணன் என்று தெரியவில்லை. தாம்பாளத்தைத் துணிக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். திருப்பாமலே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் அவர்கள் அந்த வெயிலில் சாக்கை எடுத்துவிட்டு, வண்டிமேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. திருப்பினேன்.

கறுப்பு அசைந்தது. சத்தம் வந்தது. பன்னிரண்டு எண்ணும்போது இரண்டும் ஒன்றாக இருந்தன. பதினைந்தில் பச்சை முன்னால் வந்ததுபோல் இருந்தது. பிறகு கானலிலிருந்து இறங்கி இரண்டு பேரும் மனிதர்களாக ஆனார்கள். சவுரியப்பன் தொட்டிமேல் படுத்திருந்தார். அண்ணன் வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. அண்ணனுடைய முன் சக்கரம் ஒரு முழம் முன்னால் கோட்டை வெட்டியது. சுண்ணாம்பு தெறித்ததையும் பார்த்தேன். அதில் சந்தேகம் எதுவும் இல்லை.

நான் இடது கையைத் தூக்கினேன்.

எந்தக் கை என்று தெரிந்தேதான் தூக்கினேன். போகாதீர்கள் என்ற ஒரு வார்த்தையை ஏழு நாளாகச் சொல்ல முடியாதவளுக்கு ஒரு கையைத் தூக்குவது அவ்வளவு எளிதாக இருந்தது.

இரண்டு பேரும் வளைந்து திரும்பி வந்தார்கள். என் கை இன்னும் மேலேயே இருந்தது. அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பாடம் புரியாத பிள்ளை பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எவ்ளோல?” என்றார்.

“ஒரு சாணுங்க.”

அந்த ஏரியில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

சவுரியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு முழம் பின்னால் வந்தவருக்கு முன்னால் போன சக்கரம் கண்ணில் படாமல் இருக்காது. அவர் அண்ணனுடைய உதட்டைப் பார்த்தார். வெடித்த இடத்தில் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். மோர்க் குடுக்கையை எடுத்து அண்ணன் மடியில் வைத்தார்.

“பாப்பா தூக்கினா தூக்கினதுதான், குப்பு,” என்றார். அதற்குமேல் நிற்கவில்லை. வழக்கமாகக் கைகொடுத்துவிட்டுப் போவார், அன்றைக்கு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் வண்டியை நிறுத்தியதைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பைநல்லூரிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்குகிற வியாபாரி கிருஷ்ணப்பன் வந்தார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மகனுக்கு என்று வாங்கினார். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வண்டியைப் படுக்கவைத்து, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார். தூக்கி ஏற்றும்போது அண்ணன்தான் முன் சக்கரத்தைப் பிடித்தார். மாட்டு வண்டி ஊர் முனையில் திரும்பும் வரைக்கும் கைப்பிடி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது.

விற்றதோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அண்ணன் இனி நிழலில் இருப்பார், வேளைக்குத் தண்ணீர் குடிப்பார் என்று நினைத்தேன். புதன்கிழமை உச்சியில் அவரைக் காணவில்லை. அம்மா என்னை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். கரையேறிப் பார்த்தால் அவர் முனி ஓட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். தலையில் துண்டு இல்லை. வடகல்லிலிருந்து அடி அடியாக அளந்து நடந்து வருகிறார், ஓரிடத்தில் நிற்கிறார், குனிந்து மண்ணைத் தொடுகிறார். டயர்த் தடங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, கடைசி ஐம்பது கஜத்தில் தான் எப்படி வந்தேன் என்று கேட்டார். உடம்பு நிமிர்ந்து இருந்ததா, வண்டி ஆடியதா என்று கேட்டார். ஏதாவது சொல்லவேண்டும். கொஞ்சம் நிமிர்ந்து இருந்தீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வியாழக்கிழமை உச்சியிலும் போனார். நிமிர்ந்ததனால் ஒரு சாண் போகாது, மூன்றாம் கியர் மாற்றும்போதுதான் எங்கோ பிந்திவிட்டேன், சவுரி என்னைத் தாண்டியது எந்த இடத்தில் என்று கேட்டார். தாண்டாத ஒருவர் தாண்டிய இடத்தை நான் சொல்லவேண்டியிருந்தது. வெள்ளரிப் பாத்தி முடிகிற இடத்தில் என்றேன். வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனவர், அரை மணி நேரம் போனவர், இப்போது நாள்தோறும் போகிறார். எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியவில்லை. பந்தயம் இருந்தபோது முடிந்தபிறகாவது குடிப்பார். இப்போது முடிவு எது என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது உச்சி சாய்ந்தும் வரவில்லை. நான் குடத்தில் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கிணற்றில் பாதிக் குடம்தான் கிடைத்தது. கரையில் இறங்கும்போதே அவர் தெரிந்தார். கோட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலது கையை மண்ணில் பரப்பி வைத்திருந்தார். சாண் அளந்துகொண்டிருந்தார். முதுகு காய்ந்திருந்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்தார். கையில் சிவப்பு தெரிந்தது.

குடத்தை இறக்கி வைத்தேன். சொல்லிவிட்டேன்.

“அண்ணா. நீங்க தோக்கலைங்க.”

அவர் கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. மண்ணைப் பார்த்தபடியே கேட்டார்.

“எவ்ளோல?”

“ஒரு மொழம். உங்க முன் சக்கரம்.”

குந்தியிருந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தார். குடத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். பாதி மார்பில் வழிந்தது. தீரும்வரை குடித்தார். அதற்குப் பிறகு அவர் முழங்கால் ஆடாமல் இருந்ததைப் பார்த்தேன்.

“சவுரிக்குத் தெரியுமா?”

“தெரியும்னு நெனைக்கிறேங்க.”

“என்னாத்துக்கு இப்பிடிச் செஞ்ச?”

“அன்னைக்கு என்னெ, யாரு வூட்டுப் புள்ளென்னு கேட்டீங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்கு நினைவில்லை. தன்னை யாரோ கேலி செய்கிறார்களா என்று பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். சவுரியப்பன் அதை அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தங்கையையே தெரியாமல் போன அந்த அரை மணி நேரம் அவரைத் தவிர எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

“அதெ எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லீருந்தா தண்ணி குடிச்சிருப்பனே, தீத்தா,” என்றார்.

குடித்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் எழுந்து, குடத்தை என்னிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டார். நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார்.

“உன் கையெ நம்பித்தான் ரெண்டு பேரும் பக்கத்துல திரும்பிப் பாக்காம வந்தோம்.”

வீட்டில் அவரே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மூக்கில் ரத்தம் வந்ததைச் சொன்னார், என் கையைப் பற்றியும் சொன்னார். அம்மா என்னைத் திட்டவில்லை. நிஜமாகவே உன்னைத் தெரியவில்லையா என்று மட்டும் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, இருபத்து நான்கு வயது ஆளைக் கீழே உட்காரவைத்து, உச்சந்தலையில் வைத்து வெகுநேரம் தேய்த்தார். வண்டியைத் திரும்ப வாங்குவது பற்றி யாரும் பேசவில்லை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று, விற்றும் ஆயிற்று. தோற்காமல் விற்றதற்கு முனி என்ன சொல்வார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவுரியப்பன் வந்தார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடியே, பொய் வெற்றியை வாங்கிக்கொண்டதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பாவமென்று ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றார். சாமியார் பரிகாரத்துக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு, வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று விசாரித்தாராம். அண்ணன் சிரித்தார். ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். ஒரு வண்டிதான் இருக்கிறது, மாற்றி மாற்றி ஓட்டலாம், பட்டாளத்துக் கைக்கடிகாரத்தில் நொடி முள் இருக்கிறது, அதை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சத்தியம் அண்ணனுடைய வண்டிக்குத்தான், சவுரியப்பன் வண்டிக்கு இல்லை. ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். அண்ணன் அதை எடுத்து அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

நான் நடையில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து கை கழுவினேன். தலைக்கு வேப்பிலை ஒடிக்கலாம் என்று கொல்லைக்கும் போய்விட்டேன். அப்போது சவுரியப்பன் கேட்டது காதில் விழுந்தது.

“பாப்பா வரலியா? கோட்டுல ஆள் வேணுமே.”

“வேணாம்,” என்றார் அண்ணன். “ஒருத்தன் ஓட்டறப்ப இன்னொருத்தன் நின்னுக்கலாம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள்.

கொஞ்ச நேரம் புளியோடு உட்கார்ந்திருந்தேன். கொட்டையும் சதையும் ஒரே கூடையில் விழுந்துகொண்டிருந்தன. எழுந்தேன், உட்கார்ந்தேன். கொல்லைப்பக்கமாக இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தேன். கீழே இறங்கவில்லை. கரைமேல் நின்றேன். சவுரியப்பன் கோட்டில் நின்றார், தாம்பாளத்துக்குப் பதில் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வடக்கே கானலில் ஒரே ஒரு கறுப்பு. அண்ணன் என்னைப் பார்த்திருக்கமாட்டார். சவுரியப்பன் பார்த்தார். கை அசைக்கலாமா என்று யோசிப்பதுபோல நின்று, பிறகு வடக்கே திரும்பிக்கொண்டார்.

சட்டை இறங்கியது. நான் எண்ணினேன். பன்னிரண்டில் அவர் தரையை விட்டு எழும்பி வந்தார். பதினேழில் அண்ணன் ஆனார். கோட்டைத் தாண்டும்போது எனக்குப் பத்தொன்பது வந்தது. சவுரியப்பன் கடிகாரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ ஒரு எண்ணைக் கத்தினார். அது கரை வரைக்கும் வரவில்லை. அண்ணன் திரும்பி வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு சவுரியப்பன் வண்டியில் ஏறி வடக்கே போனார், அண்ணன் கோட்டில் நின்றார், நான் நின்ற இடத்தில்.

கரைமேல் நிழலும் இல்லை, சாக்கும் இல்லை. கால் சுட்டது. போகவும் மனசு வரவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.